ஜே வண்டியும் அம்பாசமுத்திரத்துக் கீமேனும்

விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் வந்து பத்து நாட்கள் ஆகின்றன. நேற்று மாலை செங்கோட்டை வண்டியின் ஓசை கேட்டதும் அப்பா காப்பித் தம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, "ஏட்டி, உங்க ஊரு வண்டி இப்பமும் ஊர்ந்துதான் போவுதா?" என்று கேட்டார். இந்தப் பாதையில் கீமேனாக, அதாவது தண்டவாளத்தைச் சரிபார்க்கும் ஊழியராக, சுத்தியலும் ஸ்பேனருமாகப் பல ஆண்டுகள் நடந்தவர் அவர்.

நியூயார்க்கில் குடியேறிய முதல் குளிர்காலத்தில் என்னை மிகவும் வருத்தியது பனி அல்ல, நான் வேலைக்குப் போகும் 'ஜே' என்னும் மெட்ரோ வண்டி. குவீன்ஸிலிருந்து மன்ஹாட்டனுக்குச் செல்லும் அந்த வண்டி, கிரெசன்ட் தெரு நிலையத்தருகே சக்கரங்கள் கிறீச்சிட ஊர்ந்து, வில்லியம்ஸ்பர்க் பாலத்திலும் தயங்கித் தயங்கியே ஏறும். ஓட்டுநர்களின் அசட்டை என்று தொலைபேசியில் நான் குறைப்பட்டுக்கொண்டபோது அப்பா சொன்னார்: "ஒரே எடத்துல தெனமும் மெதுவாப் போனா அது டிரைவர் சோம்பல் இல்லட்டி. அங்க ஏதோ காஷன் இருக்கு." மெதுவாகப் போகச் சொல்லும் வேகக் கட்டுப்பாட்டைத்தான் அவர் காஷன் என்பார். அன்று முதல் நான் அந்தப் பாதையைக் கவனிக்கத் தொடங்கினேன்.

கிரெசன்ட் தெருவின் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் ஓடும் அந்தப் பழைய பாதை, தெரு திரும்பும் இடத்தில் தானும் ஏறக்குறையச் செங்கோணமாகத் திரும்புகிறது. வளைவில் வெளித்தண்டவாளத்தைச் சற்று உயர்த்தினால் வேகம் கூட்டலாம் என்பது அப்பாவின் பாடம். ஆனால் நிலையத்தை ஒட்டிய வளைவில் வண்டிகள் நின்று நின்று செல்வதால் அதிகம் உயர்த்த வழியில்லை.

பாலத்தின் கதை வேறு. 1995 ஜூன் 5 அன்று அதிகாலையில் ஒரு ஜே வண்டி சிவப்பு விளக்கைக் கடந்து, முன்னே நின்ற 'எம்' என்னும் இன்னொரு தட வண்டியின் மீது மோதியதில் ஜே வண்டியின் ஓட்டுநர் இறந்தார். அங்கே தண்டவாளத்தை ஒட்டி ஒரு சிறிய இரும்புக் கை உண்டு. நடைமேடையின் கோடியில் நின்றால் பார்க்கலாம். நம் கைகாட்டி தூரத்திலிருந்து சொல்லும். அந்தக் கையோ சிவப்பில் நிமிர்ந்து நின்று, மீறி வரும் வண்டியின் பிரேக்கைத் தட்டிவிடும். அன்றும் அது தன் வேலையைச் செய்தது. ஆனால் சிக்னல்களின் இடைவெளி 1918-இல், அன்றைய வண்டிகளுக்கென அளந்து வைத்தது. பிற்கால வண்டி நிற்க அந்தத் தூரம் போதவில்லை.

அதன் பிறகு வண்டிகளின் முடுக்கத்தைக் குறைத்தார்கள். குறித்த நேரத்துக்கு முன் வந்தால் சிவப்பிலேயே நிற்கும் நேரச் சிக்னல்களைப் பல இடங்களில் கூட்டினார்கள். அவற்றுள் சில பழுதாகி, பலகையில் எழுதிய வேகத்தில் வந்த வண்டியையும் நிறுத்திவிடும். இரும்புக் கையில் மாட்டினால் விசாரணை வரும் என்பதால் ஓட்டுநர்கள் பலகையின் வேகத்துக்கும் கீழேயே ஓட்டப் பழகினார்கள். அவர்களை அசட்டை என்று சொன்னதற்காக நான் உண்மையாகவே வருந்தினேன். 2018-இல் நியூயார்க் நகரப் போக்குவரத்து அமைப்பின் தலைவராகப் பொறுப்பேற்ற ஆண்டி பைஃபோர்ட் அந்தச் சிக்னல்களைச் சோதிக்க ஒரு குழுவை அமைத்தார். பழுதானவை நூற்றுக்கணக்கில் அகப்பட்டன, பல இடங்களில் வேக வரம்பும் உயர்ந்தது.

நேற்று இதையெல்லாம் கேட்ட அப்பா ஒன்றுதான் கேட்டார்: "லைன்ல ஆளு நடக்காங்களா?"

நடக்கிறார்கள் என்றேன். அங்கே இருபத்துநான்கு மணி நேரமும் வண்டி ஓடுவதால் பழுதுபார்ப்பும் வண்டிகளுக்கு இடையிலேயே நடக்கிறது; ஆட்கள் நிற்கும் இடத்துக்கு முன்பாக மஞ்சள் விளக்கு கட்டியிருப்பார்கள், அதைக் கண்டதும் ஓட்டுநர் ஊதலை ஒலித்து ஊர்ந்து செல்வார், ஆட்களைத் தாண்டிய பிறகுதான் பச்சை.

"அப்பம் மெதுவாத்தாம் போவணும்" என்று சொல்லிவிட்டு அப்பா ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.