ஜி.என். ராமச்சந்திரன்: ஒரு குற்றச்சாட்டும் ஒரு வரைபடமும்

புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்த இயற்பியலாளர் ஜி.என். ராமச்சந்திரன் (ஜி.என்.ஆர்.) காலமானது 2001 ஏப்ரல் 7, சென்னையில். அவரைப் பற்றிய அஞ்சலிகளில் ‘நோபல் கிடைக்காத மேதை’ என்ற வரி பெரும்பாலும் தப்பாது. அந்தப் புலம்பலைவிட, விமர்சனம் வந்தால் அதை எப்படிக் கையாள்வது என்று அவர் தன் மாணவர்களுக்குக் காட்டியதுதான் பேசத் தகுந்தது.

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பதை ஒட்டிய வயது. அந்த ஆண்டு சென்னை வந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கும் புரதம் அது. கங்காரு வால் தசைநாணை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து, சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவோடு எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். துப்பு வேதியியலில் இருந்தது: புரதச் சங்கிலியின் கண்ணிகள் அமினோ அமிலங்கள்; கொலாஜனில் அவற்றில் மூன்றில் ஒன்று கிளைசின். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டால் நடுவில் ஒரு ஹைட்ரஜனுக்கு மேல் இடமில்லை. பக்கக்கிளையாக வெறும் ஹைட்ரஜன் உள்ளது கிளைசின் மட்டுமே. ஆக ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அதுதான் வந்தாக வேண்டும். 1954இல் ‘நேச்சர்’ இதழில் இந்த மூன்று இழை முப்புரி வடிவம் வெளியானது. அடுத்த ஆண்டே அந்த முப்புரியையும் மெல்ல முறுக்கித் திருத்திய வடிவம் வந்தது.

உடனே, அதே கொலாஜனை ஆராய்ந்த அலெக்சாண்டர் ரிச்சும், டி.என்.ஏ. வடிவத்தைக் கண்ட பிரான்சிஸ் கிரிக்கும் குறை சொன்னார்கள். மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்கிறீர்கள், ஒன்றுதான் சாத்தியம். உங்கள் மாதிரியில் சில அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன என்றார்கள். பிணைப்பு விஷயத்தில் கடைசியில் அவர்கள் பக்கமே நின்றது. நம் ஊர் அஞ்சலிகள் இதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

இரண்டாவது குறைக்கு ஜி.என்.ஆர். வாதாடிக்கொண்டிருக்கவில்லை. நெருக்கம் என்றால் எவ்வளவு நெருக்கம்? அதுவரை வெளியாகியிருந்த படிக அமைப்புகளில் பிணைப்பில்லாத அணுக்கள் எவ்வளவு கிட்டே வந்திருக்கின்றன என்று திரட்டினார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு எல்லை: வழக்கமானது, கடைசிபட்சமானது. கார்பன்–கார்பன் 3.2, 3.0 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), கார்பன்–ஆக்சிஜன் 2.8, 2.7, ஹைட்ரஜன்–ஹைட்ரஜன் 2.0, 1.9.

பிறகு வருவது சுத்தமான வடிவகணிதம். அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைட் பிணைப்பு பாதி இரட்டைப் பிணைப்பு, அது திரும்பாது. மீதி, ஒவ்வோர் அமிலத்தின் நடுவிலும் உள்ள ஆல்ஃபா கார்பனின் இரு பக்கத்துச் சுழற்சிகள்: நைட்ரஜன் பக்கம் ஃபை, கார்போனைல் பக்கம் சை. இரண்டையும் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் எல்லா ஜோடித் தூரங்களையும் கணக்கிட்டு, ஃபையை ஓர் அச்சிலும் சையை மறு அச்சிலும் வைத்த படத்தில், எல்லை மீறினால் அந்தப் புள்ளியை அடித்துவிட வேண்டும். கணினி எளிதில் கிடைக்காத காலத்தில் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் அவரோடு உட்கார்ந்து முடித்த வேலை இது. 1963இல் மூவர் பெயரிலும் வந்தது. இன்று ராமச்சந்திரன் வரைபடம் என்பது இதுதான். கடைசிபட்ச எல்லையை வைத்தாலும் படத்தில் முக்கால் பங்குக்கு மேல் காலி. பக்கக்கிளையின் முதல் கார்பனான பீட்டா கார்பன் இல்லாத கிளைசினுக்கு மட்டும் பாதிக்கு மேல் திறந்துகிடக்கிறது.

மூலக் கட்டுரையைத் தேடிப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் கோணங்கள் 0 முதல் 360 வரை. முழுக்க நீட்டிய சங்கிலி பூஜ்யம். இன்றைய முறையில் −180 முதல் 180. பழைய எண்ணிலிருந்து 180ஐக் கழித்தால் இன்றைய எண். புரதங்களில் அடிக்கடி வரும் ஆல்ஃபா சுருளின் ஃபை, சை இன்று −57, −47. அன்று 123, 133. இது தெரியாமல் பார்த்தால் படம் இடம் மாறிக் கிடப்பதாகத் தோன்றும்.

1971இல் ஏ.வி. லட்சுமிநாராயணனோடு எழுதிய கட்டுரை வேறு துறை. எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்வடிவத்தை மீட்க ஃபூரியே மாற்றங்கள் என்ற கணித முறையைச் சுற்றி வராமல் நேரடியாகக் கணக்கிடும் வழி அது. சி.டி. ஸ்கேன் கணக்கீட்டில் அதன் பங்கு தனிப் பதிவுக்கு உரியது.

இனி, புரத அமைப்பைச் சரிபார்க்க ராமச்சந்திரன் வரைபடத்தைக் கையில் எடுப்பவர்களுக்கு. அதில் ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு புள்ளி. முதல் அமினோ அமிலத்துக்கு ஃபை கிடையாது, கடைசிக்குச் சை கிடையாது. 100 நீளச் சங்கிலியில் 98 புள்ளிகள்தான் வர வேண்டும். நடுவில் சில அமிலங்கள் கண்ணுக்குத் தெரியாத அமைப்பில், சொந்தமாக எழுதும் நிரல் இடைவெளியைத் தாண்டிக் கோணம் அளந்துவிடும். அபத்தமான புள்ளிகளுக்கு இது அடிக்கடி காரணம். ஓர் அமிலத்தின் கார்போனைல் கார்பனுக்கும் அடுத்ததன் நைட்ரஜனுக்கும் இடைத்தூரம் சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிளைசின், புரோலின், புரோலினுக்கு முந்தைய அமிலம் மூன்றையும் தனித்தனிப் படத்தில் போடுங்கள். புரோலினின் வளையம் ஃபையை −65 அருகே பூட்டிவிடும்.

வெளியே விழுந்த புள்ளி எல்லாம் பிழை என்று எண்ண வேண்டாம். எக்ஸ்ரே தரவிலிருந்து அணுக்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் எலக்ட்ரான் அடர்த்தியில் போய்ப் பாருங்கள். அடர்த்தி தெளிவாக இருந்து, ஆக்சிஜன் சரியான பக்கம் நின்றால் அது உண்மையான இறுக்கமாக இருக்கலாம். நொதியின் செயலிடத்தில் இப்படி வரும். அடர்த்தி மங்கல் என்றால் பெப்டைட் தளம் 180 டிகிரி புரண்டிருக்கிறதா, வரிசை ஓர் இடம் தள்ளிப்போயிருக்கிறதா என்று தேட வேண்டும். புள்ளியை மவுஸால் இழுத்து அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் தள்ளுவது திருத்தம் ஆகாது.

சதவீதங்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமைப்புகளைச் சரிபார்க்கும் மென்பொருள்களில், ப்ரோசெக்கில் நல்ல அமைப்புக்கு 90 சதவீதத்துக்கு மேல் புள்ளிகள் மிகச் சாதகமான பகுதிக்குள் இருக்க வேண்டும், மோல்ப்ராபிட்டியில் 98. இரண்டும் எல்லைக்கோட்டை வேறுவேறாக வரைந்தவை.

இந்தச் சோதனைக்கு மதிப்பு வந்ததே, அமைப்பைத் தரவுக்குப் பொருத்திச் செம்மைப்படுத்தும்போது ஃபையையும் சையையும் யாரும் கட்டுப்படுத்தாமல் விட்டதால்தான். இப்போதைய மென்பொருள்களில் குறைந்த தெளிவுத்திறன் தரவுக்கு புள்ளிகளை அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள் இழுக்கும் ராமச்சந்திரன் கட்டுப்பாட்டையே போட்டுச் செம்மைப்படுத்துகிறார்கள். பிறகு அதே படத்தைக் காட்டி ‘வெளியே ஒன்றும் இல்லை’ என்பது, வினாத்தாளைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பது போல. கட்டுப்பாடு போட்டிருந்தால் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். ராமா-இசட் மதிப்பையும் கொடுங்கள். அது எத்தனை புள்ளி உள்ளே என்று எண்ணாமல், மொத்தப் பரவல் இயல்பாக இருக்கிறதா என்று பார்க்கும். அதன் அளவு 3ஐத் தாண்டினால், பிளஸோ மைனஸோ, புரதச் சங்கிலியின் முதுகெலும்பை மறுபடி கட்டிப் பார்க்க வேண்டியதுதான்.