கிரிக்கெட் கைகளோடு ஒரு சாஃப்ட்பால் பருவம்

பொங்கல் விடுமுறைக்குப் பின் தொடங்கிய எங்கள் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற, மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டம்) போட்டிகள் சித்திரை பிறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தன. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள நான்கு நிறுவனங்களின் அணிகளில் நாங்கள் மூன்றாவதாக வந்தோம். கோப்பையைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஆனால் அணிக்குள் யார் நிலைத்து ஆடினார்கள், யார் தடுமாறினார்கள் என்பது எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக அமைந்தது.

இந்த ஆட்டத்தை எங்களிடம் கொண்டுவந்தவர் மனிதவளப் பிரிவில் பணிபுரிபவர். படிக்கும் காலத்தில் பல்கலைக்கழக அணிக்காக சாஃப்ட்பால் ஆடியவர். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும்படி ஏதாவது வேண்டும் என்று நிர்வாகங்கள் கேட்டபோது, வேகப்பந்து முறையை விட்டுவிட்டு, களத்தில் அணிக்குப் பத்துப் பேர் நிற்கும் ஸ்லோ பிட்ச் முறையை அவர் தேர்ந்தெடுத்தார். பந்தைக் கீழ்க்கையாக, வளைந்து இறங்கும்படி வீச வேண்டும். அந்த வளைவு 6 அடிக்குக் குறையாமலும் 12 அடிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று எங்கள் போட்டிக்கு விதி வகுத்தோம். 1887இல் சிகாகோவின் படகு மன்றம் ஒன்றில், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, கட்டடத்துக்குள்ளேயே ஆடியதில் பிறந்த ஆட்டம் இது என்று முதல் நாளே விளக்கினார். பெரியவர்கள் இன்றும் பிரெஞ்சு ஆட்டமான பெத்தாங்கைக் குண்டு வீசி ஆடும் ஊரில், கடல் கடந்து வந்த ஆட்டம் என்பதற்காக எவரும் தயங்கவில்லை.

அணிக்கு ஆள் சேர்த்தபோது, லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடுகிறவர்களே முதலில் இடம் பிடித்தார்கள். அணிக்கு நான்கு பெண்கள் கட்டாயம் என்ற விதி இருந்ததால், கணக்குப் பிரிவிலிருந்து ஒருவரும் பேக்கிங் பிரிவிலிருந்து மூவரும் வந்தார்கள். அவர்களை எங்கே நிறுத்தினால் பந்து குறைவாக வரும் என்பதுதான் அன்றைய ஆலோசனையாக இருந்தது.

முதல் ஆட்டத்திலேயே கணக்கு மாறிப்போனது. கிரிக்கெட்டில் பந்தைத் தட்டிவிட்டு, ஓடலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டு நிற்க உரிமை உண்டு. சாஃப்ட்பாலில் எல்லைக்கோடுகளுக்குள் அடித்த பந்துக்கு ஓடியே ஆக வேண்டும். தரையில் உருளும் பந்தை எடுத்து, ஓடுபவர் சேர்வதற்கு முன் முதல் பேஸில், அதாவது அவர் முதலில் ஓடிச் சேர வேண்டிய இடத்தில், நிற்பவரிடம் எறிந்துவிட்டால் ஆள் அவுட். எங்கள் நட்சத்திர ஆட்டக்காரர்கள் அடித்த அழகைப் பார்த்து ஒரு நொடி நின்றார்கள். 60 அடி தொலைவில் அந்த ஒரு நொடியே போதுமானது. ஓடத் தொடங்கியவர்களும் மட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடி, பேஸுக்கு அருகில் வேகத்தைக் குறைத்து, மட்டையை நீட்டித் தொட முயன்றார்கள். முதல் பேஸை மிதித்தபடியே தாண்டி ஓடலாம் என்று பயிற்சியாளர் எத்தனை முறை கத்தியும் உடம்பு கேட்கவில்லை. விக்கெட் கீப்பருக்குப் பின்னால் திருப்பிவிடும் அடியில் பெயர் பெற்றவருக்கு நிலைமை இன்னும் மோசம். கிரிக்கெட்டில் நான்கு ஓட்டம் தரும் அந்த அடி இங்கே எல்லைக்கோடுகளுக்கு வெளியே போகும் ஃபவுல். இரண்டு ஸ்ட்ரைக்குக்கு (அடிப்பவருக்கு எதிராகக் கணக்கில் ஏறும் வீச்சு) பிறகு ஃபவுல் அடித்தால் அவுட் என்றும் எங்கள் விதியில் இருந்தது.

பெண்களுக்கு மறப்பதற்கு எதுவும் இல்லை. பேக்கிங் பிரிவிலிருந்து வந்தவர்களில் இருவர் பள்ளியில் கோ-கோ ஆடியவர்கள். பந்து மட்டையில் பட்ட ஓசை கேட்டதும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கணக்குப் பிரிவு அக்கா எறிபந்து ஆடியவர் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மூன்றாவது பேஸிலிருந்து முதல் பேஸுக்கு அவர் எறிந்த பந்து தரையைத் தொடாமல் போய்ச் சேர்ந்தபோது எதிரணியினரே கைதட்டினார்கள். கேட்ச் பிடிப்பதிலும் இதே கதைதான். கிரிக்கெட் பந்தின் சுற்றளவு சுமார் 9 அங்குலம், இந்தப் பந்துக்கு 12 அங்குலம். இடக்கையில் கையுறை மாட்டியிருந்தும் ஆண்கள் வெறும் வலக்கையைத்தான் முதலில் நீட்டினார்கள். விரல் வீங்கியவர்கள் எல்லோருமே கிரிக்கெட்காரர்கள். கையுறைகள் போதாததால், இன்னிங்ஸ் மாறும்போது அவற்றைக் களத்திலேயே வைத்துவிட்டு வருவோம், எதிரணி எடுத்துப் போட்டுக்கொள்ளும். வியர்வையில் ஊறிய கையுறையைப் பகிர்ந்துகொள்வது இனிய அனுபவம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

பருவத்தின் பாதியில் கணக்குப் பிரிவு அக்காவை மட்டை வரிசையில் முதலாவதாக இறக்கினோம். அதன்பிறகுதான் நாங்கள் வெல்லத் தொடங்கினோம். அதே சமயத்தில், ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆடக் கூடாது என்று ஓர் அணி எழுதிக் கொடுத்தது. எங்கள் பேக்கிங் பிரிவுப் பெண்கள் மூவரும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் என்பதைத் தெரிந்துகொண்டே எழுப்பிய ஆட்சேபம் அது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வேலை செய்யும் இடத்தின் பெயரில் ஆடும் அணியில் அங்கே வேலை செய்பவர் எவரும் ஆடலாம் என்று மற்ற மூன்று அணிகளும் முடிவு செய்ததால் அந்த ஆட்சேபம் எடுபடவில்லை.

அடுத்த பருவத்துக்கு, கட்டாயப் பெண்களின் எண்ணிக்கையை நான்கிலிருந்து இரண்டாகக் குறைக்கலாம் என்று இப்போது ஒரு யோசனை சுற்றுக்கு வந்திருக்கிறது. எங்கள் அணி அதை ஐந்தாக உயர்த்தச் சொல்லிப் பதில் எழுதியிருக்கிறது. கூடவே ஆளுக்கொரு கையுறை வாங்க மாதம் நூறு ரூபாய் சேர்த்து வருகிறோம்.