கல்லறைக்குக் கடைசியில் போங்கள்: வர்ஜீனியாவில் கார்ட்டர் வம்சத்தைத் தேடும் வழி

அமெரிக்காவின் பழைய நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் வம்சாவளியைத் தேடி வருபவர்கள் முதலில் கல்லறைக்குத்தான் போகிறார்கள். கடைசியில் பார்க்க வேண்டிய இடம் அது. கல்லறைக்கல் ஒரு பெயரையும் இரண்டு ஆண்டுகளையும் தரும். அந்த மனிதர் யாருடைய மகன், எந்த நிலம் எவர் வழியாக அவருக்கு வந்தது என்பதைப் பத்திரங்கள்தான் சொல்லும். வர்ஜீனியாவின் கார்ட்டர் குடும்பத்தைப் போல ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும் வம்சத்தில், ஆளைத் தேடினால் தொலைந்துபோவீர்கள். நிலத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஆட்கள் தாமாக வந்து சேருவார்கள்.

குடும்பத்தின் வேர் ஜான் கார்ட்டர். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வந்து, ராப்பஹானக் ஆற்றங்கரையில் கொரோட்டோமன் என்ற இடத்தில் நிலம் பிடித்தவர். ஐந்து முறை மணந்தவர். அவருடைய மகன் ராபர்ட் கார்ட்டர்தான் ஊரார் ‘கிங்’ கார்ட்டர் என்று அழைத்த பெரும் பணக்காரர். ராப்பஹானக், பொடோமாக் ஆறுகளுக்கு இடைப்பட்ட நார்தர்ன் நெக் பகுதி முழுவதும் ஃபேர்ஃபாக்ஸ் பிரபுக் குடும்பத்தின் தனியுரிமையாக இருந்தது. அவர்களுடைய ஏஜெண்டாக இரண்டு முறை பணியாற்றிய ராபர்ட், 1732-இல் இறக்கும்போது சுமார் 3 லட்சம் ஏக்கர் வைத்திருந்தார். நூற்றுக்கணக்கான அடிமைகளும் அவருடைய சொத்துப் பட்டியலில் இருந்தார்கள்.

பயணத்தை ரிச்மண்ட் நகரத்தில் தொடங்குங்கள். ஈஸ்ட் பிராட் தெருவிலுள்ள லைப்ரரி ஆஃப் வர்ஜீனியாவில் மாநிலத்தின் நிலப் பட்டா ஏடுகள் எல்லாம் இருக்கின்றன. இங்கிலாந்து அரசர் பெயரில் கொடுத்த பட்டாக்கள் ஒரு வரிசை. நார்தர்ன் நெக்கின் தனியுரிமையாளர் கொடுத்தவை வேறு வரிசை. இரண்டும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டிலேயே அவற்றைப் பார்த்து, ஏட்டு எண்ணையும் பக்க எண்ணையும் குறித்துக்கொண்டு வந்தால் நூலகத்தில் செலவழிக்கும் நேரத்தை இணையத்தில் இல்லாத தாள்களுக்கு ஒதுக்கலாம். இந்த இரு வரிசை வேறுபாட்டை மறப்பவர்கள் 1704-ஆம் ஆண்டின் நிலவரிப் பட்டியலில் தங்கள் ஆளைக் காணாமல், அவருக்கு நிலமே இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். நார்தர்ன் நெக் வரி அரசருக்குப் போகவில்லை. ஆகவே அப்பகுதிக் கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்) அந்தப் பட்டியலிலேயே கிடையாது.

பட்டாவில் இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. பழைய அரசுப் பட்டாக்களில், கடல் கடந்து அழைத்துவரப்பட்டவர் ஒருவருக்கு 50 ஏக்கர் என்று கணக்கிட்டு, வந்தவர்களின் பெயர்களை அடியில் எழுதியிருப்பார்கள். அந்த உரிமைச் சீட்டு கைமாறி விற்கப்பட்டது. பெயர் 1655 பட்டாவில் இருப்பதால் அந்த ஆண்டில் கப்பலிலிருந்து இறங்கினார் என்று கொள்ள முடியாது. இன்னொன்று கார்ட்டருக்கே உரியது. ஏஜெண்டாக இருந்த ராபர்ட், தன் மகன்கள், மருமகன்கள், பேரர்கள் பெயர்களில் பட்டா எழுதிக்கொண்டார். சில பெயர்கள் அப்போது சிறுபிள்ளைகளுடையவை. பட்டாதாரர் என்றால் 21 வயது நிரம்பியவர் என்று கணக்குப் போட்டுப் பிறந்த ஆண்டைக் கணித்தால் ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும்.

அடுத்தது நார்தர்ன் நெக். பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது, கார் வேண்டும். 360-ஆம் எண் சாலையில் கிழக்கே போனால் டாப்பஹானக் ஊரில் ஆற்றுப் பாலம் கடந்து வார்சா வரும். ஏறத்தாழ 50 மைல். இந்த வார்சாதான் ரிச்மண்ட் கவுண்டியின் தலைமையிடம். ரிச்மண்ட் நகரத்துக்கும் ரிச்மண்ட் கவுண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தக் குழப்பத்தால் வீணான கடிதங்களுக்கும் தவறான மேற்கோள்களுக்கும் கணக்கில்லை. அங்கே நிற்கும் செங்கல் கோர்ட்ஹவுஸ் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ராபர்ட்டின் மகன் லேண்டன் கார்ட்டர் கட்டியது. அவருடைய சபைன் ஹால் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. தனியார் வீடு என்பதால் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள்.

கவுண்டிகள் எப்போது பிரிந்தன என்பதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருப்பது அவசியம். லங்காஸ்டர் 1651-இல் உருவானது. வெஸ்ட்மோர்லண்ட் 1653. பழைய ராப்பஹானக் கவுண்டி 1692-இல் ரிச்மண்ட், எசெக்ஸ் என்று இரண்டானது. அதன் ஏடுகள் ஆற்றுக்கு அக்கரையில், எசெக்ஸின் தலைமையிடமான டாப்பஹானக்கில் தங்கிவிட்டன. நிலம் அசையாது, கவுண்டி எல்லைதான் அசையும். ஒரே பண்ணையின் மூலப்பத்திரம் ஒரு கோர்ட்டிலும் அடுத்த கிரயம் இன்னொரு கோர்ட்டிலும் இருப்பது இதனால்தான்.

வார்சாவிலிருந்து 3-ஆம் எண் சாலையில் தென்கிழக்கே இறங்கினால் லங்காஸ்டர். இங்கே 1650-களிலிருந்தே ஏடுகள் பிழைத்திருப்பது பெரும் பாக்கியம். அருகிலேயே ஜார்ஜ் வாஷிங்டனின் தாய் மேரி பால் வாஷிங்டன் பெயரிலான அருங்காட்சியகமும் வம்சாவளி நூலகமும் உள்ளன. கோர்ட் ஏடுகளைக் காக்கும் கிளார்க் ஆபீஸில் பெயர் அட்டவணையை மட்டும் நம்பி வெளியே வந்துவிடாதீர்கள். அது பிற்காலத்தில் தயாரித்தது. விற்றவர், வாங்கியவர் பெயர்தான் அதில் இருக்கும். சாட்சிகளும் நான்கெல்லைக்காரர்களும் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால்தான் தெரிவார்கள். நிலத்தை விற்கும்போது மனைவி தன் மூன்றிலொரு பங்கு உரிமையை விட்டுக்கொடுத்ததாகத் தனியே விசாரித்துப் பதிவார்கள். மனைவியின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும்.

தேதிகளில் எச்சரிக்கை தேவை. 1752 வரை புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. பிப்ரவரி 1699 என்று ஏட்டில் இருந்தால் நம் கணக்கில் அது 1700. இரண்டையும் 1699/1700 என்று சேர்த்தே குறித்துவையுங்கள். ‘ஜூனியர்’ என்றால் மகன் என்று பொருள் கொள்ளாதீர்கள். அதே ஊரில் அதே பெயரில் வயதில் இளையவர், அவ்வளவே. மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார். ‘இன்ஃபென்ட்’ என்று கோர்ட் எழுதுவது கைக்குழந்தையை அல்ல, 21 நிரம்பாத எவரையும்.

பெயர்க் குழப்பத்துக்கு இந்தக் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை. 1732-இல் இரண்டு ராபர்ட் கார்ட்டர்கள் இறந்தார்கள். நோமினி ஹால் பண்ணையில் இருந்த மகன் முதலில், அதே ஆண்டு ஆகஸ்டில் அப்பா ‘கிங்’ கார்ட்டர். மிஞ்சிய பேரன் மூன்றாம் ராபர்ட்டுக்கு அப்போது நான்கு வயது. அதே 1732-இல் பிறந்த, ஷர்லி பண்ணையின் சார்ல்ஸ் கார்ட்டர், 1764-இல் இறந்த தன் சித்தப்பா, கிளீவ் பண்ணையின் சார்ல்ஸ் கார்ட்டருடன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே காலத்தில் வாழ்ந்தார். அந்தக் காலத்தவரே பண்ணைப் பெயரைச் சேர்த்துத்தான் இவர்களைப் பிரித்தறிந்தார்கள், நம் பக்கத்தில் ஊர்ப்பெயரைச் சொல்லி முருகேசன்களைப் பிரிப்பது போல. குறிப்பேட்டில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆவணத்தின் மூலம் என்று வரிசையாக எழுதுங்கள். உயிலும் கிரயமும் இல்லாமல் நிலம் கைமாறியிருந்தால் மூத்த மகனைத் தேடுங்கள். உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் என்ற சட்டம் 1785 வரை நீக்கப்படவில்லை.

விற்க முடியாதபடி வம்சத்துக்கே கட்டிவைத்த நிலங்கள் உண்டு. 1776-இல் அந்த வழக்கம் ஒழியும்வரை, பெரிய பண்ணையின் கட்டை அவிழ்க்கச் சட்டசபையில் தனிச் சட்டமே தேவைப்பட்டது. அந்தச் சட்டத்தின் முகவுரையில் தாத்தா உயிலில் தொடங்கி மனுதாரர் வரை தலைமுறை தலைமுறையாக விவரித்திருப்பார்கள். ஹெனிங் என்பவர் தொகுத்த வர்ஜீனியாவின் 13 தொகுதிச் சட்டங்களில் இவற்றைத் தேடாமல் பணக்காரக் குடும்பத்தின் வம்சாவளியை முடிக்கவே கூடாது என்பேன்.

நிலத்தைக் களத்தில் அடையாளம் காண, எல்லையின் திசையையும் தூரத்தையும் சொல்லும் சர்வே வரிகளை வரைந்து பாருங்கள். ‘போல்’ என்ற அளவு 16.5 அடி. நான்கு போல் ஒரு செயின், 320 போல் ஒரு மைல், 160 சதுர போல் ஒரு ஏக்கர். 1:24,000 அரசு வரைபடத்தில் 100 போல் தூரம் 21 மில்லிமீட்டர். அந்த அளவில் மெல்லிய தாளில் வரைந்து வரைபடத்தின் மேல் நகர்த்துங்கள். அந்நாள் காந்த வடக்கு இன்றைய வடக்கு அல்ல. ஆகவே உருவம் முழுவதையும் சேர்த்துச் சில பாகை திருப்ப வேண்டிவரும், ஒரு கோட்டை மட்டும் திருத்தக் கூடாது. கோடுகள் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராவிட்டால், எழுத்தர் கிழக்கை மேற்காக எழுதிய வரி ஒன்று இருக்கும். ஒவ்வொரு வரியாக மாற்றிப் பாருங்கள், பல நேரம் உருவம் மூடிக்கொள்ளும். ஆற்றோர எல்லைக்கு மட்டும் கோணம் இருக்காது, கரை எப்படி வளைகிறதோ அப்படி.

இப்போது இர்விங்டனுக்கு அருகிலுள்ள கிறைஸ்ட் சர்ச்சுக்குப் போகலாம். ராபர்ட் தன் செலவில் கட்டத் தொடங்கி, அவர் இறந்தபின் 1735 வாக்கில் முடிந்த தேவாலயம். சிலுவை வடிவம், தடித்த செங்கல் சுவர், கதவு வைத்த பெட்டி இருக்கைகள். உள்ளே ஜான் கார்ட்டரின் கல், வெளியே கிழக்குப் பக்கம் ராபர்ட்டும் அவருடைய இரு மனைவியரும். பத்திரங்களைப் படித்துவிட்டு வந்தவருக்கு இந்தக் கற்களின் ஒவ்வொரு பெயரும் பேசும்.

ஷர்லி பண்ணை ஜேம்ஸ் ஆற்றங்கரையில், சார்ல்ஸ் சிட்டி கவுண்டியில். ராபர்ட் லீ என்ற படைத்தலைவரின் தாய் ஆன் ஹில் கார்ட்டர் அந்த வீட்டுப் பெண். கவுண்டி ஏடுகளில் பெரும்பகுதி அழிந்துவிட்டதால், வில்லியம்ஸ்பர்க்கின் ராக்கஃபெல்லர் நூலகத்திலுள்ள ஷர்லி குடும்பத் தாள்கள்தான் கைகொடுக்கும்.

இந்தத் தேடலில் மிகப் பெரிய ஆவணம் ஒன்று மிச்சமிருக்கிறது. தன் பண்ணைகளுக்கு மேஷம், ரிஷபம், சிம்மம் என்று ராசிப் பெயர்கள் வைத்திருந்த நோமினி ஹால் மூன்றாம் ராபர்ட், 1791-இல் தன் அடிமைகளுக்கு விடுதலைப் பத்திரம் ஒன்றை எழுதி நார்தம்பர்லண்ட் மாவட்ட நீதிமன்றத்தில் பதிந்தார். 450-க்கும் மேற்பட்டவர்களின் பெயர், வயது, பண்ணை அதில் இருக்கின்றன. பிறகு பிறந்தவர்களையும் சேர்த்து 500-க்கு மேற்பட்டோர் படிப்படியாக விடுதலையானார்கள். அடிமைப்பட்ட குடும்பங்களின் வம்சாவளியைத் தேடுபவர்களுக்கு இவ்வளவு முழுமையான பட்டியல் அரிது. இதைக் கார்ட்டர் குடும்ப ஆவணம் என்று மட்டும் படிப்பது பெரிய அநியாயம்.

இவர்களைத் தேடும்போது கார்ட்டர் என்ற குடும்பப் பெயரை எதிர்பார்க்காதீர்கள். பலர் தங்களுக்கென வேறு பெயர் கொண்டிருந்தார்கள். பத்திரத்திலுள்ள முதற்பெயரையும் வயதையும் பண்ணையையும் எடுத்துக்கொண்டு, அதே பண்ணையின் முந்தைய பட்டியல்களில் தாயைத் தேடுங்கள். பின்னோக்கி 1732 சொத்துப் பட்டியல் வரை சிலரைத் தொடர முடியும். முன்னோக்கிப் போக, கவுண்டி கோர்ட்டுகளின் சுதந்திரக் கறுப்பினத்தவர் பதிவேடுகள் உண்டு. உயரம், வயது, தழும்பு, எவர் பத்திரத்தால் விடுதலை என்பது வரை எழுதியிருப்பார்கள். அங்கிருந்து 1850 மக்கள்தொகைக் கணக்குக்குத் தாவலாம். சுதந்திரமாக இருந்த ஒவ்வொருவரும் தத்தம் பெயருடன் எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு அது.