மருந்தகத்தில் தடுப்பூசி: முதலில் பழைய அட்டையைத் தேடுங்கள்

புலம்பெயர்ந்து வந்த புதிதில், தடுப்பூசிக்கு மருந்தகத்துக்குப் போகச் சொன்னால் நம்மவர்கள் பலர் தயங்குகிறார்கள். மருந்து எடுத்துக் கொடுப்பவர் ஊசியும் போடலாமா என்ற சந்தேகம்தான் காரணம். தாராளமாகப் போடலாம். சட்டம் அனுமதித்திருக்கிறது, அதற்கென்று தனிப் பயிற்சியும் உண்டு. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 2009க்குள் இந்த அனுமதி வந்துவிட்டது. கனடாவின் ஒன்ராறியோவில் 2012இல் ஃப்ளூ ஊசியோடு தொடங்கியது. இங்கிலாந்தின் அரசு ஃப்ளூ ஊசித் திட்டத்தில் மருந்தகங்கள் 2015இல் சேர்ந்தன. எந்த வயதுக்கு மேல், எந்தெந்த ஊசி என்பது இடத்துக்கு இடம் மாறும். கைக்குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிகள் பெரும்பாலும் குடும்ப மருத்துவரிடமோ பொதுச் சுகாதார நிலையத்திலோதான். முன்பதிவு செய்யும்போதே வயதையும் ஊசியின் பெயரையும் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

போவதற்கு முன் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். புதிதாக வந்தவர்களுக்கு அதிகச் சிக்கல் வருவது இதில்தான். இந்திய அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்குப் போடுவது தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்கும் எதிரான எம்ஆர். பொன்னுக்கு வீங்கிக்கு எதிரான பகுதி அதில் இல்லை. இலங்கையில் மூன்றும் சேர்ந்த எம்எம்ஆர் போடுகிறார்கள், ஆனால் முதல் ஊசி 9 மாதத்தில். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசி கணக்கில் வராது. "இரண்டு ஊசியும் போட்டாயிற்றே, பள்ளியில் ஏன் இன்னும் கேட்கிறார்கள்" என்ற குழப்பத்துக்கு இதுதான் பதில். போலியோவிலும் இப்படி ஒன்று உண்டு. 2016 ஏப்ரலில் உலகம் முழுவதும் வாய்வழிச் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகைக் கிருமி நீக்கப்பட்டது. அதனால் அதற்குப் பிறகு கொடுத்த சொட்டு மருந்தை அமெரிக்கா கணக்கில் எடுப்பதில்லை. ஊசியாகப் போட்டதையே எடுக்கும்.

தேதியையும் கவனியுங்கள். அட்டையில் 03/07 என்று இருந்தால் நமக்கு அது ஜூலை 3. அமெரிக்காவில் மார்ச் 7. மாதத்தை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் தகராறு இல்லை. ஹெபடைடிஸ் பி போன்ற தொடர் ஊசியைப் பாதியில் விட்டிருந்தாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையே தொலைந்து போயிருந்தால், சிலவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பார்க்கலாம். சின்னம்மையில் (இலங்கையில் கொப்புளிப்பான்) இது முக்கியம். வெப்ப நாடுகளில் வளர்ந்த பலருக்குச் சிறுவயதில் அது வந்திருக்காது. கொப்புளிப்பான் வந்ததாக அம்மா சொன்ன ஞாபகம் மட்டும் இருந்தால், அதையே நம்பி விட்டுவிடாதீர்கள்.

ஊசி போடச் சில விநாடிதான். மருந்தாளுநரின் திறமை அதற்கு முந்தைய கேள்விகளில் இருக்கிறது. முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத் திணறலோ உடல் முழுக்கத் தடிப்போ வந்ததா, இன்று காய்ச்சல் இருக்கிறதா, கர்ப்பமா, ஊசியைக் கண்டால் மயக்கம் வருமா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். சாதாரணச் சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆனால் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட்டோ அதிக அளவு ஸ்டீராய்டு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு எம்எம்ஆர், சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமி ஊசிகள் ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளுக்கும் அவை கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுத்தால் ஊசி போடலாம். மெல்லிய ஊசி, பிறகு தேய்க்காமல் 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளை, பெயர் அச்சிட்ட மாத்திரை அட்டையோடு எடுத்துப் போங்கள். வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, உள்ளிருக்கும் மருந்தின் பெயர் தெரியும். பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் பிள்ளைகள், கேள்வியைச் சுருக்கி "ஒன்றும் இல்லை" என்று தாங்களாகவே பதில் சொல்லிவிடுவது பெரிய தவறு. தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பல நாடுகளில் சுகாதார சேவைகளுக்கு அந்த வசதி உண்டு.

காசநோய்க்கான தோல் பரிசோதனை வரவிருக்கிறதா? அதையும் சொல்லிவிடுங்கள். எம்எம்ஆர் ஊசி அதன் முடிவைப் பொய்யாக்கக்கூடும். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம். ஊசி முந்திவிட்டால் 4 வாரம் காத்திருக்க வேண்டும்.

சட்டைக் கை முழுதாகச் சுருட்டி மேலேறும்படி தளர்வாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு ஊசி இறங்க வேண்டிய இடம் தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே உள்ள தசை. கழுத்துப் பக்கமாகத் துணியை இழுத்துப் பிடித்தால் இடம் மேலே போய், மூட்டில் குத்திவிடும். இரண்டொரு நாள் வலி சகஜம். ஊசி போட்ட கையை வாரக்கணக்கில் தூக்க முடியாமல் போனால் அந்த மூட்டுக் காயமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

சில இடங்களில் ஊசி மருந்தை மருந்தகத்தில் வாங்கி மருத்துவரிடம் எடுத்துப் போகச் சொல்வார்கள். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பனிக்கட்டிமேல் நேராக வைத்தால் உறைந்து, அலுமினிய உப்பு சேர்ந்த ஊசிகள் வீணாகிவிடும். முடிந்தால் வாங்கிய இடத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது.

போட்டபின் 15 நிமிடம் உட்காரச் சொல்வதை மதியுங்கள். மயங்கி விழுந்து தலையில் அடிபடுவது பதின்ம வயதினரிடம்தான் அதிகம். கடும் ஒவ்வாமை மிக அரிது. வந்தால் மருந்தாளுநர் தொடையின் வெளிப்புறத்தில் அட்ரினலின் போட்டு ஆம்புலன்ஸை அழைப்பார். அவசரமாகக் காரில் ஏறிப் போய்விட்டால் அந்த உதவி கிடைக்காது.

ஊருக்குப் போகும் பயணத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பே கேளுங்கள். அங்கே வளர்ந்தவர்களுக்கும் டைபாய்டு எதிர்ப்பு நிலைப்பதில்லை, ஊசி குறைந்தது 2 வாரம் முன்பு வேண்டும். வெளிநாட்டில் பிறந்த குழந்தையை அழைத்துப் போவதானால், 6 மாதத்திலேயே தட்டம்மை ஊசி போடச் சொல்லலாம். அதுவும் மேலே சொன்ன கணக்கில் வராது, ஒரு வயதுக்குப் பின் மறுபடி இரண்டு ஊசி உண்டு. ஊசியின் பெயர், தேதி, மருந்தின் தொகுதி எண் (batch number) அச்சிட்ட தாளை வாங்கி, ஒரு பிரதியைக் குடும்ப மருத்துவரிடம் கொடுங்கள். மருந்தகத்தில் பதிந்தது அவருடைய கணினிக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று எல்லா இடத்திலும் நம்பியிருக்க முடியாது.