கோப்பி குடித்துவிட்டுச் சின்சேயிடம் போன கதை

மூன்று மாதமாகக் கழுத்துப் பிடிப்பு, கூடவே பின்மண்டையில் ஆரம்பித்து வலது கண் வரை இழுக்கும் தலைவலி. பாலிகிளினிக்கில் பார்த்தாயிற்று, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, மாத்திரை போட்டால் நிற்கும், விட்டால் திரும்ப வரும். ஆபீஸில் இருக்கும் சீனத் தோழி "சின்சேகிட்ட போயேன்" என்று, அதாவது சீனப் பாரம்பரிய வைத்தியரிடம் போகச் சொல்லி, நச்சரித்ததால் ஒரு சனிக்கிழமை தோ பாயோவில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கிளினிக்குக்குப் போனேன். சிங்கப்பூரில் யார் வேண்டுமானாலும் அக்குபங்சர் ஊசி குத்திவிட முடியாது, 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். அவர் பெயரைப் போட்டு முதல் நாளே இணையத்தில் பார்த்துவிட்டேன்.

நாக்கை நீட்டச் சொன்னார். பார்த்தவுடனே, "கோப்பி?"

ஆமாம், வரும் வழியில் பால் விடாத ஒரு கோப்பி ஓ, வேறு எதுவும் சாப்பிடவில்லை. நாக்கின் மேல் படிவு வெள்ளையா மஞ்சளா என்பதில்தான் அவர்களுக்குப் பாதிச் சேதி இருக்கிறது, நான் அதில் கறுப்பாகப் பூசிக்கொண்டு போய் நிற்கிறேன். நல்லவேளை, ஓரத்தில் இருந்த பல் தடங்களைக் கோப்பி மறைக்கவில்லை. மண்ணீரல் பலவீனம், உடம்பில் ஈரம் சேர்ந்திருக்கிறது என்றார். பயந்துவிடாதீர்கள், ஸ்கேனில் தெரியும் மண்ணீரல் வேறு, இவர்கள் அந்தப் பெயரில் சொல்வது பெரும்பாலும் செரிமானத்தை.

அப்புறம் நாடி. இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல், முதலில் லேசாக, பிறகு அழுத்தி. ஊரில் சித்த வைத்தியரும் மூன்று விரல்தான் வைப்பார், ஆனால் அங்கே வாதம் பித்தம் கபம். இங்கே இடது கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், வலது கையில் நுரையீரல், மண்ணீரல் என்று விரலுக்கு ஓர் உறுப்பு. என் நாடி வில் நாண் மாதிரி விறைப்பாக இருக்கிறதாம். தூக்கம், வியர்வை, மலம், வெந்நீர் பிடிக்குமா குளிர்ந்த தண்ணீர் பிடிக்குமா என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் தலைவலிக்கு வந்தார். பிரஷர் மாத்திரை சாப்பிடுவதை நானாகச் சொன்னேன், உடனே மருந்துச் சீட்டிலிருந்து அதிமதுரத்தை அடித்தார், அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

ஊசி முடி மாதிரி மெல்லிசு. உட்கார்ந்தபடி மேஜைமேல் தலை கவிழ்ந்திருக்க, பிடரியில் இரண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கைக்கு ஒன்று. குத்தும்போது எறும்புக் கடிகூட இல்லை, ஆனால் லேசாகத் திருகியதும் கனமாக ஒரு மரத்த வலி முழங்கை வரை ஓடியது. "வந்துருச்சா?" என்றார், அது வர வேண்டுமாம்.

ஐந்து நிமிடத்தில் வேறொன்று வந்தது. சில்லென்று வியர்வை, காதில் ஙொய் என்ற சத்தம், கண் இருட்டல். மடமடவென்று ஊசிகளை எடுத்து, படுக்கவைத்து, காலைத் தூக்கிவைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் வந்ததற்கு நன்றாகத் திட்டு விழுந்தது, வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனேன், படுக்கவைத்தே குத்தினார், ஒன்றும் ஆகவில்லை, தூங்கிவிட்டேன்.

ஆறு முறை போனேன். வாரத்துக்கு நான்கு நாள் வந்த தலைவலி இப்போது ஒரு நாள். அதே மாதம்தான் ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையையும் உயர்த்தி வைத்தேன், எதனால் குறைந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் கொடுத்த, வெந்நீரில் கலக்கும் மருந்துத் தூளை மட்டும் பாதியில் விட்டுவிட்டேன், அப்படி ஒரு கசப்பு.