ஒரு கேஸ் குறைகிறது

1996 ஜூலை 29

பயிற்சியில் துப்பாக்கி இன்றுதான் கைக்கு வந்தது. திரீ நாட் திரீ (.303) ரைஃபிள். ஏறக்குறைய நாலு கிலோ. கிரீட முத்திரைக்குக் கீழே இஷாப்பூர், 1942 என்று வெட்டியிருக்கிறது. அப்பா பிறந்த வருடம்.

நாள் முழுக்க வெடிக்காத டம்மித் தோட்டாவை நிரப்பும் வேலைதான். தோட்டாவின் அடியில் விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் விழுந்தால், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் இரும்புத் தண்டான போல்ட்டைத் தள்ளும்போது இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். "ஓடு மேய்ந்ததில்லையா கண்ணு? ஒன்று மாறினால் ஒழுகும்" என்றார் பயிற்சி தரும் ஏட்டய்யா. தோட்டாக்களைக் கோத்துப் பிடிக்கும் தகடான கிளிப்புக்கு ஐந்து, துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியான மேகசினுக்கு இரண்டு கிளிப். ஐந்தும் கட்டைவிரலின் ஒரே அழுத்தில் இறங்க வேண்டும். எனக்கு மூன்றாவதில் நின்றது, நகக்கண் கிழிந்தது.

ஜூலை 31

போல்ட்டை முன்னால் தள்ளுகிறபோதுதான் ஸ்பிரிங் இறுகுகிறது. கடைசி ஒரு அங்குலம் முரட்டுக் காளையைத் தொழுவத்துக்குள் தள்ளுவதுபோல இருக்கிறது.

ஆகஸ்ட் 1

மதுக்கரை, சுடும் பயிற்சித் திடல். நூறு கஜம், ஐந்து குண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசியது. என் குண்டுகளில் இரண்டுதான் குறி அட்டையில் பட்டன. பழியைக் காற்றின்மேல் போட்டேன். நூறு கஜத்தில் காற்று என்ன செய்துவிடும் என்று ஏட்டய்யா சிரித்தார்.

ஆகஸ்ட் 4

ஆடிப்பெருக்குக்குப் பவானி கூடுதுறை போய்விட்டு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். துப்பாக்கி உதைத்ததில் என் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அம்மா மஞ்சள் பற்றுப் போடச் சொன்னார். துப்பாக்கியின் வயதைச் சொன்னேன். "அது இன்னும் வேலை செய்கிறதா?" என்றார் அப்பா.

ஆகஸ்ட் 6

மறுபடி மதுக்கரை. ஏட்டய்யா என் தோட்டாக்களுக்கு நடுவே எனக்குத் தெரியாமல் ஒரு டம்மியைச் செருகியிருக்கிறார். டிரிகரை இழுத்தேன், வெறும் 'டிக்'. வெடிக்காத துப்பாக்கியின் முனை சாண் அளவு கீழே குனிந்தது. வரிசையே பார்த்துச் சிரித்தது. துப்பாக்கி உதைக்கும் முன்பே நான் பயந்து முனையை அமுக்குகிறேன், காற்று பாவம். டிரிகரில் முதல் இழுப்பு லேசு, அப்புறம் ஒரு தடை. அங்கே நிறுத்தி, பாதி மூச்சை விட்டு அழுத்தினேன். நாலு குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் பத்து நிமிடம். சுட்டபின் வெளியே தெறிக்கும் தோட்டா உறையான காலிக் கேஸ்களை எண்ணியபோது ஒன்று குறைந்தது. ஒரு கேஸ் குறைந்தாலும் யாரும் நகரக் கூடாது. இரண்டு மணிநேரம் புல்லைக் கையால் கோதினோம். எல்லோரும் என்னையே முறைத்தார்கள். கேஸ் வலப்புறம்தானே தெறிக்கும்? வலப்பக்கம் படுத்துச் சுட்டவன் சாப்பிட உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். உள்ளேயிருந்து விழுந்தது.