திருகோணமலையில் இருந்துகொண்டு ஸ்புரூஸ் பலகை தேடிய கதை

போன கிழமை எனது இரண்டாவது பார்சல் வந்து சேர்ந்தது. கிட்டாரின் முகப்புக்குப் போடும் சிட்கா ஸ்புரூஸ் மரப் பலகை ஆறு சோடி, ஒன்றிலும் வெடிப்பு இல்லை. இரண்டு பலகையை ஒட்டித்தான் ஒரு முகப்பு, அதனால்தான் சோடிக் கணக்கு. சந்தோசம்தான். ஆனால் பெட்டியைப் பிரிக்கும்போது முதல் பார்சல்தான் நினைவுக்கு வந்தது. அந்த இரண்டு பலகையும் போய் ஒன்றரை வருடமாகிறது, இன்னும் மனம் ஆறவில்லை.

கிட்டாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் மகோகனி இங்கேயே கிடைக்கும். முகப்பலகைதான் பிரச்சினை. பாரம் குறைவாகவும் இருக்க வேண்டும், நார் ஓடும் திசையில் விறைப்பாகவும் இருக்க வேண்டும். முதிரையும் பாலையும் எவ்வளவு நல்ல மரங்களானாலும் இந்த வேலைக்குப் பாரம். ஸ்பெயினில் கிட்டார் செய்த டொரெஸ், ஒலிக்கு முகப்புத்தான் முக்கியம் என்று காட்ட, 1862 இல் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ் அட்டையால் செய்து, முகப்பை மட்டும் ஸ்புரூசில் போட்டு ஒரு கிட்டார் கட்டினார். அதைப் படித்த பிறகு முகப்பில் சமாளிப்பு மரம் போட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒரு மரக்காலையில் ஏமாந்தேன். "வெளிநாட்டு மரந்தான் தம்பி, கொண்டு போங்கோ" என்று தந்த பலகை பைன். சீவுளி வைத்ததும் பிசின் மணம் வந்துவிட்டது. 4,500 ரூபாய் போனது. அடுத்து, கப்பலில் வரும் சாமான்களின் பொதிப் பலகைகளைத் தேடினேன். அவற்றில் ஸ்புரூஸ் அகப்படும் என்பது உண்மை, ஆனால் நான் பார்த்ததெல்லாம் கணு நிறைந்த ஒடுக்கமான துண்டுகள். அவற்றில் எம்.பி. என்ற முத்திரை இருந்தால் தொடாதீர்கள், அது மீதைல் புரோமைட் புகையூட்டிய மரம். எச்.ரி. என்றிருந்தால் சூடாக்கியது. அப்படி ஒன்றிலிருந்து பிரேஸ் கட்டைகள், அதாவது முகப்பின் உட்பக்கம் தாங்கலாக ஒட்டும் கட்டைகள், மட்டும் அரிந்து எடுத்தேன்.

அப்புறம்தான் அமெரிக்காவில் ஒருவரிடம் ஏ தரச் சோடி ஒன்று வாங்கினேன். பலகை 38 டொலர், தபால் 46 டொலர். ஐந்து கிழமையில் கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. போன் எடுத்துக் கேட்டேன். அடையாள அட்டையும் பில்லும் போதும் என்றார்கள். இரவு பஸ் ஏறி, விடியத் தூக்கக் கண்ணோடு வரிசையில் நின்றேன். பத்தரைக்கு என் முறை வந்தது. கிளாக்கர் பெட்டியின் மேலிருந்த தாளை ஒருதரம் பார்த்தார்.

"இது மரம். தாவர சுகாதாரச் சான்றிதழ் எங்கே?"

"போனில் அதைச் சொல்லவில்லையே ஐயா."

"போனில் யார் சொன்னது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேசியவரின் பெயரை நான் கேட்டு வைக்கவில்லை. நீங்கள் கேளுங்கள், திகதியையும் நேரத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

வீட்டுக்கு வந்து விற்றவருக்கு எழுதினேன். மரம் சூளையில் உலர்த்தியது, பூச்சி இருக்காது என்று தன் கடைத் தலைப்பில் ஒரு கடிதம் அனுப்பினார். அதை அச்செடுத்துக்கொண்டு மறுபடியும் இரவு பஸ். கிளாக்கர் அதை வாசிக்கவே இல்லை. "கடைக்காரன் கடிதம் செல்லாது" என்று திருப்பித் தள்ளினார். முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிஞ்சியிருக்கும். கொழும்புக்குப் போய்வருவது ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல், இரண்டு நாள் வேலையும் போகும்.

தாவர நோய்த்தடுப்புப் பக்கத்து உத்தியோகத்தர் ஒருவர்தான் இருத்தி வைத்து விளக்கினார். மரத்தில் பூச்சியும் நோயும் இல்லை என்று சொல்லும் அந்தச் சான்றிதழை ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரச திணைக்களம்தான் தர வேண்டும், அதுவும் மரம் புறப்படுவதற்கு முன். இங்கே நாமும் முன்கூட்டியே இறக்குமதி அனுமதிப்பத்திரம் எடுத்திருக்க வேண்டும். புறப்பட்ட மரத்துக்குப் பின்னால் ஓடிப் பிரயோசனமில்லை. திருப்பியனுப்பும் செலவு பலகையின் விலையைத் தாண்டியது. அழிக்கச் சம்மதம் என்று கையெழுத்து வைத்தேன். பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்க்கவாவது விடச் சொன்னேன், விடவில்லை.

அந்த மாதம்தான் உவர்மலையில் ஓய்வுபெற்ற சங்கீத ரீச்சர் ஒருவர் வீட்டில் பழைய பியானோ ஒன்றை விறகுக்குக் கொத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். காலெல்லாம் கறையான். ஆனால் பின்பக்கத்து ஒலிப்பலகை தப்பியிருந்தது. பியானோவின் ஒலிப்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ்தான், அதுவும் பல்லாண்டு உலர்ந்தது. "எரிக்கிறதுக்குப் பதிலா நீ கொண்டு போ மகன்" என்று ரீச்சர் காசே வாங்கவில்லை. ஒரு எச்சரிக்கை: கம்பிகளை வெட்டாதீர்கள். எல்லாம் சேர்ந்து தொன் கணக்கில் இழுத்துக்கொண்டு நிற்கும். கம்பி சுற்றிய ஆணிகளை ஒவ்வொன்றாக, முழுவதிலும் பரவலாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். எனக்கு இரண்டு நாள் சென்றது. பின்புறச் சட்டங்களைச் சுடுநீர்த் துணியும் இஸ்திரிப் பெட்டியும் வைத்துக் கழற்றினேன், பழைய வச்சிரம் இளகி விட்டது. பலகைகள் நாலு அங்குல அகலம்தான். நாலை ஒட்டித்தான் ஒரு முகப்பு வந்தது. ஒன்றை இரண்டாகப் பிளக்க ஆசைப்பட்டுப் பாழாக்கினேன், ஒன்பது மில்லிமீற்றர் பலகையில் வாள் கொஞ்சம் சாய்ந்தாலும் போச்சு. ஆனாலும் அந்தக் கிட்டார்தான் இதுவரை நான் செய்ததில் நன்றாகப் பேசுவது.

இரண்டாவது பார்சலுக்கு அனுமதிப்பத்திரம் முதலில், பணம் பிறகு. சான்றிதழுக்கு விற்றவர் வாங்கிய கட்டணம் ஒரு சோடிக்கும் ஆறு சோடிக்கும் ஒன்றுதான். அதனால் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கிட்டார் செய்யும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். தனியே வாங்கினால் இந்த விலைக்குக் கனவிலும் வராது. இந்தமுறை கந்தோரில் இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

மூன்று ஏ போட்ட பலகைக்குக் காசைக் கொட்டாதீர்கள். அந்த ஏ எல்லாருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை, பெரும்பாலும் நிறமும் வரியும் ஒழுங்காக இருப்பதைத்தான் சொல்கிறது. நிறம் மாறிய ஏ தரம் ஒலிக்குப் போதும். பார்க்க வேண்டியது நார் பலகையின் முகத்தை விட்டுச் சரிந்து வெளியே ஓடுகிறதா என்பதை. சோடியைப் புத்தகம்போல விரித்து வைத்து, வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழப் படம் கேளுங்கள். ஒரு பாதி இருண்டும் மறுபாதி வெளிறியும் தெரிந்தால் நார் ஓடியிருக்கிறது. அரிந்ததைவிடப் பிளந்த கட்டையிலிருந்து எடுத்தது நல்லது.

இப்போது என் பங்கு இரண்டு சோடியும் மேல் அறையில், நடுவில் குச்சி வைத்து அடுக்கியபடி இருக்கின்றன. ஈரப்பதமானி 82 வீதம் காட்டுகிறது. மாரி ஈரத்தில் பிரேஸ் ஒட்டினால் வறண்ட கச்சான் காற்று வீசும்போது முகப்பு சுருங்கி வெடிக்கும், அதை ஒருமுறை பார்த்துவிட்டேன். வைகாசி கழியட்டும் என்று விட்டிருக்கிறேன். தினமும் காலையில் ஒரு பலகையைத் தூக்கி, விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன்.